தோல் கன்று

செவலைப் பசு கன்று போட்ட செய்தியை ரத்தினம்மா டீக்கடையில்தான் கேள்விப்பட்டாள். சண்டைக்கு அதுதான் ஆரம்பம்.

டன்லப் ஸ்திரீட்டில் நூர்தீன் பாயின் கடைக்குக் காலைப் பாலை ஊற்றிவிட்டு, காலித் தூக்கைக் கவிழ்த்துச் சொட்ட வைத்துக்கொண்டிருந்தாள். பாய் தேநீரை ஆற்றியபடியே, "என்ன ரத்தினம்மா, இவ்வளவு பெரிய சங்கதியை வாய்க்குள்ளயே வச்சிருக்க? செவலை கிடேரி போட்டிருக்காமே!" என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். தெரியாத இடத்தில் காலை வைத்துவிட்டோம் என்று அவருக்கே புரிந்துவிட்டது.

"யாரு சொன்னா?"

"தங்கராஜுதான். இப்பத்தான் பால் ஊத்திட்டுப் போறான். நாலு நாளாச்சாம்."

நாலு நாளில் சீம்பால் தீர்ந்துபோயிருக்கும். சிராங்கூன் ரோட்டு ஐந்தாம் கல்லிலிருந்து பொத்தோங் பாசிர் வரைக்கும் மாடு வைத்திருந்த தமிழர் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. மாடு எவர் கொட்டகையில் கன்று போட்டாலும், கன்று யாருக்குச் சேர வேண்டுமோ அவர் வீட்டுக்குத்தான் முதல் சீம்பால் போகும். அந்தத் தூக்கு வாசலில் வந்து இறங்கினால் "உங்கள் கன்று பிறந்திருக்கிறது" என்று அர்த்தம். வராவிட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் உண்டு.

ரத்தினம்மா வீட்டுக்குத் தூக்கு வரவில்லை.

செவலை அவள் புருஷன் முத்துசாமியின் மாடு. நெஞ்சுச் சளி முற்றி, புல்லுக்கட்டு தூக்க முடியாமல் போனபோது முத்துசாமி மற்ற மாடுகளை விற்றான். செவலையை மட்டும் விற்க மனம் வரவில்லை. விலை படியாத ஒரு வயசான பசுவை வீட்டில் வைத்துக்கொண்டு, செவலையைப் பொத்தோங் பாசிர்த் தங்கராஜுவிடம் பங்கு வாரத்துக்கு விட்டான். மாட்டை வளர்க்கிறவனுக்குப் பால். அங்கே போடும் முதல் ஈத்துக் கன்று மாட்டுக்காரனுக்கு, இரண்டாம் ஈத்துக் கன்று வளர்க்கிறவனுக்கு. இரண்டாவது கன்று விழுந்ததும் மாடு சொந்தக் கொட்டகைக்குத் திரும்பிவிட வேண்டும். எழுத்து ஒன்றும் கிடையாது. நூர்தீன் பாயின் கடையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு டீ குடித்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்த மழைக்காலத்திலேயே முத்துசாமி போய்ச் சேர்ந்துவிட்டான்.

முதல் ஈத்துக் கன்று செத்தே பிறந்தது. இப்போது ஐம்பத்தேழில் இரண்டாவது ஈத்து. உயிரோடு ஒரு கிடேரி, பெண் கன்று.

ரத்தினம்மாவைப் பொறுத்தவரை கணக்கு சுலபமானது. பிழைத்து எழுந்து நின்றதுதான் கன்று. முதலில் பிழைத்தது இதுதான். ஆகவே இது அவளுடையது. வீட்டில் இருந்த வயசான பசு வற்றிக்கொண்டு வந்தது. செவலைக்கும் முன்பு போட்டதெல்லாம் சேர்த்து இது ஏழாவது ஈத்து, இன்னும் ஒன்றோ இரண்டோதான் தாங்கும். கிடேரி வந்தால் கொட்டகை நிற்கும். தேக்கா மார்க்கெட்டைச் சுற்றி முத்துசாமி முப்பது வீடு பிடித்து வைத்திருந்த பால் வாடிக்கை நிற்கும். மகள் அமிர்தம் பள்ளிக்கூடம் போவது நிற்காது. கிடேரி வராவிட்டால் சீக்கிரமே யார் வீட்டிலாவது துணி துவைக்கப் போக வேண்டியதுதான்.

அன்றைக்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பொத்தோங் பாசிருக்குப் போனாள். தங்கராஜு கொட்டகையில் சாணி வழித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்தான்.

"வாங்க அண்ணி."

"வாங்கன்னு இப்பக் கூப்பிடு. கன்னு பொறந்தப்ப கூப்பிட வாய் வரலையா?"

"அண்ணி, நீங்க கோவிச்சுக்காதீங்க. மொத ஈத்து உங்களது. அது தங்கலை, அதுக்கு நான் என்ன பண்றது? இது ரெண்டாவது. இது எனக்கு. முத்துசாமி அண்ணன் வாயால சொன்னதுதானே?"

"செத்ததை எனக்குன்னும், பொழைச்சதை உனக்குன்னும் பங்கு பிரிக்கச் சொன்னாரா அவரு?"

"செவலையை இன்னைக்கே ஓட்டிட்டுப் போங்க. நான் தடுக்கல."

"ஓட்டிட்டுப் போய்? கன்னு முகத்தைப் பாக்காம அது மடி விடுமா? எனக்குப் பால் இல்லாத மாடு, உனக்குப் பால் இல்லாத கன்னு. நல்ல நியாயம்!"

தங்கராஜுவின் மனைவி மங்களம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அதுவே ரத்தினம்மாவுக்கு ஆத்திரத்தை இரட்டிப்பாக்கியது. திரும்பும்போது கொட்டகைச் சுவரோரம் அவள் கண் போனது. செத்த கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே லாலாங் புல்லை அடைத்துத் தைத்த தோல் கன்று அங்கே ஒரு மூங்கிலில் சாய்ந்து நின்றது. அதை முன்னால் வைத்துத்தான் செவலையை ஏமாற்றிப் பால் கறந்திருக்கிறார்கள். நாக்கால் நக்கி நக்கி ஒரு பக்கம் முடியே இல்லாமல் வழவழத்துப் போயிருந்தது. ரத்தினம்மா அதைப் பார்த்தவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளை எடுத்தாள்.

அமிர்தத்தின் பள்ளிக்கூட டீச்சர் ஒரு லாயர் பெயரைச் சொன்னாள். அஹமது கபீர் நல்ல மனிதர். அவள் பேசியதை முழுக்கக் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கேஸ் போடலாம்மா. வாதாட எனக்கும் ஆசைதான். ஆனா ஒண்ணைத் தெரிஞ்சுக்குங்க. கோர்ட்டுக்கு வாரம்னாலும் தெரியாது, ஈத்துன்னாலும் தெரியாது. யாருக்குன்னு முடிவு பண்ண முடியலைன்னா மாட்டையும் கன்னையும் ஏலம் விட்டுப் பாதிப் பாதி எடுத்துக்குங்கன்னு சொன்னாலும் சொல்லலாம். ஏலத்துக்கு யாரு வருவான்னு உங்களுக்கே தெரியும்" என்றார்.

தெரியும். கசாப்புக் குத்தகைக்காரர்கள்தான் வருவார்கள். ஆனால் அப்போது ரத்தினம்மா கோபத்தின் உச்சியில் இருந்தாள். "போடுங்க சார்" என்றாள்.

முதல் தடவை கோர்ட்டில் கூப்பிட்டபோது வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் கழுத்தைச் சொறிந்துகொண்டு இரண்டு லாயர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பேசியது யார், எங்கே, யார் சாட்சி என்று கேட்டார். டீக்கடை, டீக்கடைக்காரர் என்று பதில் போயிற்று. வெளியே பேசித் தீர்த்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த தவணையில் அந்த டீக்கடைக்காரரைச் சாட்சி விசாரிப்போம் என்று சொல்லித் தள்ளிவைத்தார். அதுவரை மாடும் கன்றும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார்.

சாட்சிக் காகிதம் கைக்கு வந்த அன்றிலிருந்து நூர்தீன் பாய் கலங்கிப்போனார். ரத்தினம்மா பால் ஊற்றப் போனபோது காகிதத்தை மடித்துச் சீனி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார்.

"ஏம்மா, நான் உனக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? குர்ஆன் மேல கைய வச்சுச் சொல்லச் சொல்லுவாங்க. அன்னைக்கு முத்துசாமி 'மொத கன்னு எனக்கு, ரெண்டாவது உனக்கு'ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. செத்துப் பொறந்தா என்னன்னு அவனும் சொல்லல, இவனும் கேக்கல. நான் எதைச் சொல்றது? எதைச் சொன்னாலும் உங்க ரெண்டு பேர்ல ஒரு ஆளு என் கடை வாசலை மிதிக்க மாட்டீங்க."

"உண்மையைச் சொல்லுங்க பாய்."

"உண்மை அந்த அளவுக்குத்தாம்மா இருக்கு. பாதிக் கிளாஸ்." பாய் வெறும் கண்ணாடிக் குவளையைத் தூக்கிக் காட்டினார். "மீதியை நீங்க ரெண்டு பேருதான் ஊத்தணும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வந்து கடையைப் பாதி சாத்தி வைக்கிறேன். வா. அவனையும் வரச் சொல்லிட்டேன்."

"அவன் வந்தா நான் வரல."

"இதையேதான் அவனும் சொன்னான். அப்ப ரெண்டு பேரும் வர்றீங்கன்னு நான் நெனச்சுக்கிட்டேன்."

வெள்ளிக்கிழமை அவள் போனாள். ஏன் போனோம் என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஏலம் என்ற சொல் லாயர் வீட்டிலிருந்து அவள் கூடவே வந்துகொண்டிருந்தது என்பது மட்டும் உண்மை.

கடைக்குள் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துப்போட்டு ஒரு மேசையை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். தங்கராஜுவும் மங்களமும் ஒரு பக்கம். உள்ளே பாயின் மனைவி ருக்கையா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். ரத்தினம்மா உட்கார்ந்ததும் உட்காராததுமாகத் தங்கராஜு ஆரம்பித்தான். அவளும் விடவில்லை. மூன்று வருஷப் புல்லுக்கட்டு, லாயர் நோட்டீஸ், சீம்பால், செத்துப்போன மனுஷன் பேர் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன.

"நிறுத்துங்க!" என்று பாய் மேசையைத் தட்டினார். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா எதைக் கேக்கறது? காதென்ன வாடகைக்கா விட்டிருக்கேன்?"

உள்ளேயிருந்து ருக்கையாவின் குரல் வந்தது. "நம்ம பயலுகளுக்குச் செய்யற மாதிரி செய்யுங்களேன்."

"அது சின்னப் பிள்ளைங்களுக்கு."

"இவங்க மட்டும் என்னவாம்?"

பாய் தாடியைத் தடவினார். "எங்க வீட்டுல மூணு பயலுக. அடிச்சுக்கிட்டா இவ யாரையும் தன் நியாயத்தைப் பேச விட மாட்டா. இவன் நியாயத்தை அவன் சொல்லணும், அவன் நியாயத்தை இவன் சொல்லணும். ஒழுங்காச் சொல்லாதவனுக்கு அன்னைக்கு ராத்திரி பரோட்டா கிடையாது. கோர்ட்டுல ஆளுக்கொரு லாயர் வச்சிருக்கீங்க. இங்க லாயர் இல்ல. அதனால, தங்கராஜு, நீ ரத்தினம்மாவுக்கு லாயர். ரத்தினம்மா, நீ தங்கராஜுவுக்கு லாயர்."

"என்ன பாய் வெளையாட்டு இது?" என்றான் தங்கராஜு.

"வெளையாட்டுன்னா சும்மா வெளையாடு. மாஜிஸ்திரேட்டா என்னைப் பார்த்தா சிரிப்பு வருதுல்ல? சிரிச்சுக்கிட்டே சொல்லு."

தங்கராஜு துண்டை எடுத்து லாயர் அங்கி மாதிரித் தோளில் போர்த்திக்கொண்டு எழுந்தான். "கனம் பொருந்திய டீக்கடைத் துரை அவர்களே! என் கட்சிக்காரி ரத்தினம்மா. வாய் கொஞ்சம் நீளம்…"

"தங்கராஜு! பரோட்டா!" என்றாள் ருக்கையா.

மங்களம் கூடச் சிரித்துவிட்டாள். தங்கராஜுவும் சிரித்தான். பிறகு எதையோ யோசிப்பவன்போலத் துண்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவன் மறுபடி பேசியபோது குரலில் கேலி இல்லை.

"அண்ணிக்குப் புருஷன் இல்ல. ஒரு கிழட்டு மாடு. அதை வச்சுக்கிட்டு முப்பது வீட்டுக்குப் பால் ஊத்துறாங்க. பத்தாததுக்கு அக்கம்பக்கத்துக் கொட்டகையில வாங்கி ஊத்துறாங்க. ஒரு சொட்டுத் தண்ணி கலந்தாங்கன்னு எவனும் சொன்னதில்ல. அந்தக் கிடேரி இல்லைன்னா அவங்க கொட்டகையை மூட வேண்டியதுதான். எனக்கு இன்னும் மூணு மாடு இருக்கு. எனக்கு அது கூடுதல். அவங்களுக்கு அதுதான் எல்லாம்." அவன் நிறுத்தினான். சொல்லலாமா என்று தயங்கினான். "இன்னொண்ணும் இருக்கு. செத்த கன்னு அண்ணியோடதுன்னு நான் கோர்ட்டுல சொல்லியிருக்கேன். அப்படின்னா அதோட தோலும் அவங்களோடதுதானே? அதை உரிச்சப்ப நான் ஒரு வார்த்தை கேக்கல. மாசக்கணக்கா அதை வச்சுத்தான் பால் கறந்தேன். அண்ணி லாயர் அதைக் கேட்டா என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியாது. ராத்திரி படுத்தா அதான் வருது."

பாய் தலையை ஆட்டினார். "நல்ல லாயர்தான் நீ. இப்ப நீ பேசும்மா."

ரத்தினம்மாவுக்கு எதிராளிக்காகப் பேசுவது நாக்கில் கல்லை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. மேசைமேல் ஈரம் வட்டம் வட்டமாகக் காய்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"தங்கராஜு மாட்டை நல்லாத்தான் பார்த்துக்கிட்டான். வெள்ளம் வந்தப்ப இடுப்பளவு தண்ணியில செவலையைப் பிடிச்சுக்கிட்டு விடிய விடிய நின்னான். அவனுக்கு ரெண்டாவது ஈத்துன்னு சொன்னது சொன்னதுதான். அவன் காத்துக்கிட்டு இருந்தான். மொத கன்னு ரத்தினம்மாவுக்கு. அது…"

நின்றாள்.

"அது செத்துப்போச்சு. செத்தது கணக்கு இல்லைன்னு ரத்தினம்மா சொல்றா. அது… அது தப்பு."

உள்ளே கத்தியின் சத்தம் நின்றது.

"ஒரு மாடு அதை வயித்துல சுமந்துச்சு. வலிச்சுப் பெத்துச்சு. பெத்ததும் திரும்பி அதைத்தான் நக்கிப் பார்த்துச்சு. கண்ணு முழிக்கலைன்னா பொறக்கவே இல்லைன்னு ஆயிடுமா? ரத்தினம்மாவை எல்லாரும் 'உனக்கு எத்தனை பிள்ளை?'ன்னு கேட்டா, ஒண்ணுன்னுதான் சொல்றா. வெளியில அப்படித்தான் சொல்றா. அவ புருஷன் அப்படிச் சொல்ல மாட்டாரு. ஜப்பான்காரன் காலத்துல, மரவள்ளிக்கிழங்குதான் சோறு, அப்ப அவளுக்கு ஒரு ஆம்பளப் பிள்ளை பொறந்துச்சு. அழவே இல்ல. அமிர்தம் அதுக்கப்புறம்தான். அரிசிக் கார்டு எழுத வந்த ஆளு எத்தனை பிள்ளைன்னு கேட்டப்ப, முத்துசாமி ரெண்டுன்னாரு. ரெண்டாவது பிள்ளை எங்கேன்னு அந்த ஆளு சுத்திச் சுத்திப் பார்த்தான். இவருக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. ஆனா அப்புறமும் ரெண்டுன்னுதான் சொல்லுவாரு."

புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"செவலை மொத ஈத்துக்கு மங்களம் சீம்பால் கொண்டாந்தா. ரத்தினம்மா வாங்கல. வாசல்லயே வேணாம்னுட்டா. பிள்ளை போன அன்னைக்கு அவளுக்கும் பால் கட்டி நெஞ்செல்லாம் நெருப்பா எரிஞ்சுச்சு. குடிக்க ஆள் இல்லாத பால். அந்தத் தூக்கைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. பிள்ளை போனதுலேருந்து அவ சீம்பால் வாயில வைக்கிறதில்ல. மங்களத்துக்கிட்ட அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லல."

மங்களம் எழுந்து இந்தப் பக்கம் வந்தாள். ரத்தினம்மாவின் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா, எங்களுக்குத் தெரியாதுக்கா. நீங்க வேணாம்னதும், செத்துப்போன கன்னை உங்க கணக்குல எழுதப் பார்க்கிறோம்னு நெனச்சு எங்களைத் தொரத்துறீங்கன்னு நான்தான் இவருகிட்ட போய்ச் சொன்னேன். அதனாலதான் இந்தத் தடவை, மாடு உங்களுதாச்சேன்னு சீம்பாலோட வந்தும் திரும்பிப் போயிட்டேன். மறுபடியும் மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிடும்னு பயந்துட்டேன்."

"வந்தியா?"

"வேலி வரைக்கும் வந்தேன். அமிர்தம் முற்றத்துல படிச்சுக்கிட்டு இருந்தா. கூப்பிடாமத் திரும்பிட்டேன்."

ருக்கையா ஒரு தட்டில் சூடான பக்கோடாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு, பேச்சில் கலந்துகொள்ளாமல் உள்ளே போனாள்.

"தீர்ப்பை நான் சொல்ல மாட்டேன்" என்றார் பாய். "நான் டீ ஆத்துறவன். நீங்களே சொல்லுங்க."

ரத்தினம்மா நிமிர்ந்தாள். "என்ன சொல்றது? நானே சொல்லிட்டேனே. மொதல்ல பொறந்தது என்னுது. செத்துப் பொறந்தாலும் என்னுதுதான். கிடேரி தங்கராஜுவுது."

கொட்டகை, முப்பது வீடு, அமிர்தத்தின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே மூச்சில் கையை விட்டுப் போய்விட்டன. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை.

தங்கராஜு எழுந்து வெளியே போனான். கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்று ஒரு சுருட்டைப் பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, அப்படியே அணைத்துக் காதில் செருகிக்கொண்டு திரும்பி வந்தான்.

"செவலையை அனுப்பணும்" என்றான்.

"அனுப்பணும்" என்றார் பாய்.

"கன்னு இல்லாம அது மடி விடாது. இன்னொரு தோல் கன்னு தைக்க என்னால முடியாது பாய். உயிரோட இருக்கிற கன்னைப் பிரிச்சுட்டு, அதோட தாயைப் பொம்மையைக் காட்டி ஏமாத்தறது பாவம்."

"அப்ப?"

"கிடேரி என்னுதுன்னு ஆயிடுச்சுல்ல? என்னுதை நான் யாருகிட்ட வேணும்னாலும் விடலாம்ல?" அவன் ரத்தினம்மா பக்கம் திரும்பினான். "அண்ணி, கிடேரியை உங்ககிட்ட வாரத்துக்கு விடுறேன். செவலையோடவே போகட்டும். வளருங்க. அது கன்னு போட்டா பால் உங்களுக்கு. மொத ஈத்து எனக்கு, ரெண்டாவது உங்களுக்கு."

"ரெண்டாவது ஈத்து ஆனதும்?"

"அப்ப மாட்டை என் கொட்டகைக்கு ஓட்டிக்குவேன். உங்க கிட்டத்தான் அப்ப அது போட்ட கன்னு இருக்குமே. இல்ல, அப்பவும் வேணும்னா மறுபடி பேசிக்குவோம். டீக்கடை எங்கயும் ஓடிப்போகாது லா."

"நீ மாட்டுக்காரன், நான் வளர்க்கிறவளா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "புல்லு நல்லாப் போடலைன்னு தினமும் வந்து நிப்பியே!"

"நிப்பேன். என் மாடாச்சே!"

பாய் உள்ளே திரும்பி, "ருக்கையா, வெத்தலைத் தட்டு!" என்று கூப்பிட்டார். தட்டு வந்ததும் அதைக் கையில் எடுத்தவர், கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தடவை நான் கேக்கறேன். போன தடவை வாய மூடிக்கிட்டு டீ ஆத்திட்டேன், அதுக்குத்தான் கோர்ட்டுல இருந்து காகிதம் வந்துச்சு. செத்துப் பொறந்தா?"

தங்கராஜு ரத்தினம்மாவைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள். "அதுவும் ஈத்துதான் பாய். அதுவும் கணக்கு."

"தோலு?"

"கன்னுக்கு உரிமைக்காரங்களைக் கேக்காம உரிக்கக் கூடாது" என்றான் தங்கராஜு.

"ரெட்டையாப் போட்டா?"

"பாய், அது இன்னும் பால் மறக்காத கன்னு. அதுக்குள்ள ரெட்டைப் பேறா?" என்றாள் மங்களம்.

"பேசித் தொலைங்கம்மா. என்னால இன்னொரு தடவை சாட்சிக்குப் போக முடியாது."

ரெட்டையாகப் போட்டால் ஆளுக்கொன்று என்று முடிவாயிற்று. வெற்றிலை மாறியது. பக்கோடா ஆறிப்போயிருந்தது, ஆனாலும் ஒன்று மிஞ்சவில்லை.

தவணை நாளில் இரண்டு லாயர்களும் எழுந்து வழக்கைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்கள். மாஜிஸ்திரேட் நிம்மதியாக அடுத்த வழக்கின் காகிதக் கட்டை எடுத்தார். அஹமது கபீருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கலாம். வெளியே வராந்தாவில், "நான் ஈத்து, வாரம் எல்லாம் படிச்சு வச்சிருந்தேனே" என்றார். கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சொல்கிறவர் ஆவல் தாங்காமல் அருகில் வந்து, "கடைசியில யாருப்பா ஜெயிச்சது?" என்று கேட்டார்.

"செவலைதான்" என்றான் தங்கராஜு. "அவளுக்குத்தான் பிள்ளையைப் பிரியாம வீடு போக முடிஞ்சுது."

அடுத்த நாள் காலையில் அவன் செவலையை ஓட்டிக்கொண்டு வந்தான். கன்று முன்னும் பின்னும் ஓடிச் சாலையெங்கும் லாரிக்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொடுத்ததாம். கூடவே மங்களத்தின் சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கு மூட்டை. அவிழ்த்தபோது தோல் கன்று.

"இது உங்களுது அண்ணி. என்ன செய்யணுமோ செய்ங்க."

ரத்தினம்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வேலியோரம், பழைய தூதுவளைப் புதருக்குப் பக்கத்தில், ஒரு குழி வெட்டச் சொன்னாள். அங்கே ஏற்கனவே ஒரு சின்ன மேடு இருந்தது. அது எதற்கென்று தங்கராஜு கேட்கவில்லை. குழியை வெட்டி மூடிவிட்டு, மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

அதன்பிறகு கிட்டத்தட்டத் தினமும் அவன் வந்து நின்றான். "கிடேரிக்குத் தவிடு பத்தல", "தும்பு இறுக்கமா இருக்கு", "இது என் மாடு அண்ணி, பாத்து" என்று வம்புக்கு இழுப்பான். "இந்தா, உன் மாடு உன் காலை மிதிக்குது பாரு" என்று அவளும் பதில் கொடுப்பாள். முப்பது வீடு முப்பதாகவே நின்றது. வயசான பசு வற்றியபோது செவலை தாங்கியது. அமிர்தம் ஆறாம் வகுப்பைத் தாண்டி, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டு போனாள்.

சுயாட்சி வந்த மறு வருஷம் கிடேரி முதல் கன்று போட்டது. ரத்தினம்மா மாட்டின் வயிற்றில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கன்று விழுந்தது. கொஞ்ச நேரம் அசையவில்லை. மாடு நக்கியது. பிறகு கன்று தும்மியது. காதை ஆட்டியது. நாலு காலையும் நாலு திசைக்கு விரித்து எழப் பார்த்து, விழுந்து, மறுபடி எழுந்தது.

விடிந்ததும் சீம்பாலைக் கறந்து, பனைவெல்லம் போட்டு அவித்து, பித்தளைத் தூக்கில் வைத்து மூடினாள். பொத்தோங் பாசிர் வரைக்கும் ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தூக்கை ஆடாமல் ஏந்திக்கொண்டு போனாள். தங்கராஜு புல் வெட்டப் போயிருந்தான். மங்களம் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் தூக்கைப் பார்த்ததும் துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டாள்.

"உங்க கன்னு பொறந்திருக்கு மங்களம்" என்றாள் ரத்தினம்மா. "காளைக்கன்னு. எழுந்து நின்னுடுச்சு."

மங்களம் தூக்கைத் திறந்தாள். ஆவி எழுந்தது. ஒரு துண்டை விண்டெடுத்து, ரத்தினம்மாவின் வாயருகே நீட்டினாள்.

ரத்தினம்மா ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். இளஞ்சூடாக இருந்தது. வெல்லம் கொஞ்சம் தூக்கலாகத்தான் விழுந்துவிட்டது.